துரை கட்டிய பண்டில்

மணல்துறையை ஆண்ட கும்பலிங்க ராஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. அந்த வீம்பு ஒருமுறை ஊரையே கந்தலோடு நிறுத்தப் பார்த்தது.

கப்பலில் வந்த வில்மோட் துரை, ராஜாவுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பரிசளித்தார். தன் மீசையை முழுசாகப் பார்த்துப் பூரித்துப்போன ராஜா, "என்ன வேணும், கேளும்!" என்றார்.

"ஒரே ஒரு பண்டில் துணி, மகாராஜா." துறைமுகத்தில் பழகிய தமிழ் துரைக்கு.

"ப்பூ, இவ்வளவுதானா? கொடுத்தேன்!" என்றுவிட்டு, ராஜா ஏகாம்பரப் புலவர் காதைக் கடித்தார். "பண்டில்னா என்னய்யா?"

புலவர் மட்டும் சளைத்தவரா? "பண்டம் இல்லாததுதான் பண்டில். துரை ஒண்ணுமே கேட்கலை, மகாராஜா!"

துரையோ ஆட்களோடு பண்டகசாலைக்குள் புகுந்தார். விடிந்தால் தேர்த் திருவிழா. ஊர் ஜனங்களுக்குக் கொடுக்க அடுக்கியிருந்த புதுத்துணி அத்தனையையும் சேர்த்து, நங்கூரக் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்.

"அநியாயம்!" என்று அலறினார் ராஜா.

"கட்டுறதுலேருந்து பிறந்த வார்த்தை அது. சேர்த்துக் கட்டினா பண்டில். அளவெல்லாம் கிடையாது. ராஜா வாக்கு மாறலாமா?"

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "வெயிலுகந்தான், நீயாவது ஏதாவது சொல்லேன்!"

அரண்மனையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன வெயிலுகந்தான், கட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "துரை சொல்றது ரொம்ப சரி. கட்டினாத்தான் பண்டில். அவிழ்த்தா?"

"வெறும் துணி," என்றார் துரை பெருமையாக.

"மகாராஜா கொடுத்தது பண்டில். வெறும் துணி இல்லை. அப்படியே தூக்கிட்டுப் போங்க."

மாலுமிகள் தள்ளினார்கள், உருட்டினார்கள். ஒரு ஆள் குனிந்து நுழையும் வாசலில் அந்த மலை எப்படிப் போகும்?

"சுவரை இடிங்கடா!" என்றார் துரை.

"சுவரை மகாராஜா கொடுக்கலையே!"

துரைக்கு மூக்கு சிவந்தது. "அப்போ இது இங்கேயே கிடக்கட்டும். என் பண்டிலை எவனும் தொடக்கூடாது!"

"தாராளமா கிடக்கட்டும். கப்பல் நங்கூரத்துக்கு வேற கயிறு இருக்கில்லே?"

துரை கயிற்றைப் பார்த்தார். கடல் பக்கம் பார்த்தார். பிறகு தானே உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புலவரும் கூடவே சிரிக்க, "உமக்கு நீர் சொன்ன பண்டில்தான்!" என்று அவர் வாயை அடைத்தார். "வெயிலுகந்தான், உனக்கு எவ்வளவு வேணுமோ கட்டிக்கோ!"

அவன் ஒரு வேட்டியையும் ஒரு சேலையையும் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டான்.

"அவ்வளவுதானா?"

"நான் வாசலைப் பார்த்துட்டுத்தான் கட்டுவேன், மகாராஜா!"