லெந்து நாளில் ஒலித்த துக்கமணி

தேரிவிளை ஆலயத்தில் குருமார் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில், மேசைக்குப் பின்னால் குருவானவர் எட்வின் அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் சபைச் செயலர் கனகராஜ் வாத்தியார். ஜன்னலோரப் பெஞ்சில் கமிட்டியார் மூவர். கதவருகே, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கோயில்குட்டி மாசிலாமணி நின்றிருந்தார். ஆலயத்தைப் பெருக்குவதும் வேளைக்கு மணியடிப்பதும் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய ஊழியம். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலமான லெந்தின் நாற்பது நாளும் மதியச் சோற்றைத் தவிர்ப்பது அவருடைய நோன்பு.

அன்று நண்பகல் மணியை அவரால் வழக்கம்போல் விரைந்து அடிக்க முடியவில்லை. பல நாள் நோன்பில் கை தளர்ந்து, ஒவ்வோர் அடியும் இடைவெளி விட்டு விழுந்தது. அந்த ஊரில் அது துக்கமணி. வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்த ஜனங்கள், போனது யார் என்று கேட்டார்கள். மணிக்கயிற்றைப் பிடித்தபடி கோயில்குட்டி தரையில் கிடந்தார்.

"தனக்குத்தானே அடிச்சுக்கிட்டாருன்னுல்லா நெனச்சேன்" என்று பெஞ்சில் ஒருவர் சிரித்தார்.

குருவானவர் சிரிக்கவில்லை. காலம் பார்த்துப் பட்டினி கிடக்கும்படி ஆண்டவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றும், மனந்திரும்ப மாதம் பார்க்க வேண்டியதில்லை என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கமிட்டியின் முடிவு சுருக்கமானது: நோன்பை விட வேண்டும், இல்லாவிட்டால் ஊழியத்தை விட வேண்டும்.

மாசிலாமணி தோள் துண்டை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். தம் நோன்பு வெறும் வீம்போ என்று அவருக்கே அன்று சந்தேகம் வந்திருந்தது.

"எனக்குத் தெரியல ஐயா. வயிறு நெறஞ்சா நான் ஒருத்தரையும் நெனைக்க மாட்டேங்கேன். அது மட்டுந்தான் தெரியும்."

அந்நேரம் மரக்கடை தங்கையா உள்ளே வந்தார். தாயோடு ஆறு வருடமாகப் பேசாதவர். மணியைக் கேட்டதும் தாய்தான் போய்விட்டார் என்று எண்ணி அவர் தனியே இருந்த வீட்டுக்கு ஓடியிருந்தார்.

"எங்கம்மை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா ஐயா. யாரு குடுத்த சோறுன்னு கேட்டேன். லெந்து வந்தா மணியடிக்க முந்தி மாசிலாமணி அண்ணன் தன் சோத்தைக் கொண்டாந்து வச்சிட்டுப் போவாராம். பெத்த மவன் நான் இருக்கேன். அந்தத் தட்டு முன்னால எனக்கு நிக்க முடியல."

பெஞ்சிலிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். "சொல்லாண்டாம்னு சொல்லியிருந்தேனே" என்று மாசிலாமணி மட்டும் முணுமுணுத்தார்.

நடந்ததையும் புதிய முடிவையும் தெரிவித்து, மேலிடத்துப் பேராயருக்குக் கடிதம் எழுதும்படி குருவானவர் வாத்தியாரிடம் சொன்னார். கோயில்குட்டியின் ஊழியமும் நோன்பும் தொடரும். லெந்து முடியும்வரை நண்பகல் மணியைக் கமிட்டியார் முறைவைத்து அடிப்பார்கள். கடிதத்தில் அதற்குக் கீழே குருவானவர் தம் கையால் எழுதினார்: "நோன்பைப் பற்றி நான் சபைக்குச் சொல்லி வந்ததில் பாதி விட்டுப்போயிருந்தது. அதை ஆண்டவர் மணியடித்துச் சொன்னார்."

தாம் பசித்திருந்து பிறர் பசியாற்றியதை மறைத்த அந்த அடியாரின் பெயரைக் கடித முடிவில் வாத்தியார் நிறுத்தி நிதானமாக எழுதி, உறையை ஒட்டி, முத்திரையிட்டு, மாலைத் தபாலில் சேர்த்தார்.