ஒன்பதாவது கால்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்பது. குரு, கோபியில் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் ரெஜினா. சீடர், பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பன். அவளை அவர் "மிஸ்" என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சென்னியப்பன் தன் கையாலேயே பூட்டிய புதுக் கணினி உயிர் வராமல் அவர் வீட்டு மேஜைமேல் கிடந்தது. மணி ஒன்று. இரண்டு மணிக்கு அவர் மகள் தாரணி புது வேலையில் சேர வேண்டும். வீட்டிலிருந்தே அனிமேஷன் படம் செய்யும் வேலை. அவளுடைய பழைய லேப்டாப் அதற்குத் தாங்காது. முதல் நாளே வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். "மெஷின் எம் பொறுப்பு" என்று அப்பா மார்தட்டியதை நம்பி, இருந்த வேலையையும் அவள் விட்டிருந்தாள்.

"பட்டன அமுக்குனா என்ன ஆகுதுங்ணா?" என்றாள் ரெஜினா.

"ஒண்ணுமே ஆகலீங்க மிஸ். பவர் சப்ளை போயிருச்சுங்க. ஈரோடு போயி வேற வாங்கியாந்தர்றனுங்க."

அவர் கையில் வண்டிச் சாவி ஏற்கெனவே இருந்தது.

"ரெண்டு மணிக்குள்ள வந்துருவீங்களா?"

அவர் சாவியை மேஜைமேல் வைத்தார்.

அவள் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து, பவர் சப்ளையின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தாள். அதன் விசிறி சுற்றியது.

"இது நல்லாத்தான் இருக்குது."

"அப்ப மதர்போர்டுதானுங்க போச்சு."

தாரணி வாசற்படியில் வந்து நின்றாள். "அப்பா, மணி ஒண்ணேகால்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை.

"ஒவ்வொண்ணாக் கழட்டுங்க" என்றாள் ரெஜினா.

"கழட்டறதா? இருக்கற நேரத்துல பூட்டறதுக்கே பத்தாதுங்க மிஸ்!"

"கழட்டுங்ணா."

எத்தனையோ பஸ் இன்ஜின்களை இறக்கிய கைகள் ஒவ்வொரு திருகாகக் கழற்றின. எல்லாம் கழன்றதும், போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, தேவையானதை மட்டும் செருகச் சொன்னாள். பட்டனின் கம்பி செருகும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டாள். விசிறி கிறுகிறுவென்று சுற்றியது.

"அட்டை மேல ஓடுது. இரும்புப் பொட்டிக்குள்ள ஓடல. பொட்டியப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். விரல் வைத்து எண்ணினார். போர்டில் எட்டு ஓட்டை. அதைத் தாங்க பெட்டிக்குள் ஒன்பது பித்தளைக் கால்கள். ஓட்டையே இல்லாத இடத்தில் நின்ற ஒன்பதாவது கால், போர்டின் முதுகில் முட்டி ஷார்ட் ஆக்கியிருந்தது.

அவருக்கு முகம் செத்துப்போனது.

"பாக்கெட்ல ஒம்போது இருந்துச்சுங்க மிஸ். டிப்போவுல ஒரு நட்டு மிச்சமானாலும் பஸ்ஸ வெளிய உடமாட்டோம். ஓட்டை இல்லாட்டி என்ன, அடியில ஒரு தாங்கலா இருக்கட்டுமேன்னு திருகிப்போட்டனுங்க."

ரெஜினா அதைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இப்பப் பூட்டுங்க."

பூட்டினார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. மணி ஒன்று ஐம்பத்திரண்டுக்கு பட்டனை அமுக்கினார். விசிறி சுற்றியது. திரை விழித்தது. வேண்டிய மென்பொருள் எல்லாம் ஏற்றிய டிஸ்க்கை மிஸ் முன்னமே கொடுத்திருந்ததால் வேறு தாமதம் இல்லை. தாரணி ஓடிவந்து உட்கார்ந்தாள். சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார்.

பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து மகளின் பக்கத்தில் ஒட்டிப் போட்டார். கீபோர்டில் தாரணியின் விரல்கள் நின்றன.

"மொத நாளுங்க மிஸ், புள்ள பயந்துக்கும். நான் பக்கத்துலயே உக்காந்துக்கறனுங்க. ஒரு தைரியமா இருக்கும்."

ரெஜினா தன் பையைத் தோளில் மாட்டினாள்.

"அந்த ஒம்பதாவதையும் ஒரு தாங்கலுக்குத்தானுங்ணா போட்டீங்க."