மூச்சை வாங்கிய களவா

அந்தக் காலத்தில் மீனும் மனுஷனும் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வார்கள் என்றதும் கொஞ்சிக் குலாவுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் திட்டிக்கொள்வார்கள். வலையில் மாட்டிய மீன் பின்னே வாழ்த்தவா செய்யும்?

அப்போது எந்த மீனின் வயிற்றுக்குள்ளும் காற்று கிடையாது. கல்லைப் போட்டால் அடியில் போகிற மாதிரிதான் மீனும் போகும். வாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் நடுத்தண்ணீரில் இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தினால் அடியில் போய் விழ வேண்டியதுதான். அங்கே நண்டுகள் காத்திருக்கும். அதனால் பிறந்தது முதல் சாகிறவரை எந்த மீனும் ஒரு பொழுதுகூடத் தூங்கியதில்லை. பாவப்பட்ட பிறவிகள்.

அந்தக் கடலோரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இருந்தார்கள். குளிக்கிறவன் கனமான குளிகல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போவான். அவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் நிற்கிறவன் கையில் இருக்கும். அந்தக் கயிற்றைக் கண்டவனும் பிடித்துவிட முடியாது. குளிக்கிறவனின் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி என்றால்கூடப் பங்குக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுவிடலாம். மச்சினன் விடுவானா? விட்டால் அறுவது அவன் அக்காள் தாலி அல்லவா? ரொம்ப யோசித்துத்தான் இந்த ஏற்பாட்டை வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. கீழே போனவன் மூச்சை அடக்கும்போது, மேலே கயிறு பிடிக்கிறவனும் கூடவே மூச்சை அடக்க வேண்டும். தனக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது இழுத்துவிட வேண்டும். அதுதான் அவர்களுடைய கணக்கு. அதில் யாரும் பொய் சொல்வதில்லை.

சேந்தன் தன் அக்காள் நாச்சியாளின் புருஷனுக்குக் கயிறு பிடித்தான். புருஷன் பெயர் திரையன். ஆறு வருஷம் பிடித்தான், ஒரு நாள்கூடப் பிசகவில்லை. திரையனும் அவனை நம்பி ஆயிரம் தடவை கடலுக்குள் போய் வந்திருக்கிறான்.

அன்றைக்கு மூன்றாம் முழுக்கு முடிந்து மேலே வந்த திரையன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"மாப்ள! பாறை இடுக்குல வலம்புரி கெடக்கு. கண்ணால பாத்துட்டேன். கை எட்டுறதுக்குள்ள இழுத்துட்டியே!"

"எனக்கு முட்டிருச்சு மச்சான்."

"உனக்கு எப்பப் பாத்தாலும் முட்டும். இந்தத் தடவ கொஞ்சம் பொறுல. வலம்புரி, தெரியுமா!"

வலம்புரிச் சங்கு என்றால் சும்மாவா? ஏழு தலைமுறை குளித்தாலும் ஒருத்தனுக்குக் கிடைத்தால் பெரிய விஷயம். சேந்தனுக்கும் நாக்கில் நீர் ஊறிவிட்டது. திரையன் மறுபடி மூழ்கினான். சேந்தன் மூச்சை அடக்கினான். நெஞ்சு முட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்தப் பாவி, யாரும் பார்க்கவில்லை என்று, மூக்கு வழியாக லேசாக ஒரு மூச்சை உள்ளே இழுத்துவிட்டு மறுபடி அடக்கினான்.

பிறகு அவனுக்கே பயம் வந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். கயிறு முதலில் எங்கோ மாட்டியது. அப்புறம் லேசாகிவிட்டது. மேலே வந்தது வெறும் கயிறுதான். முனை நைந்து பிய்ந்திருந்தது. சேந்தன் குதித்துத் தேடினான். மற்ற வள்ளங்களில் இருந்தவர்களும் பொழுது சாயும்வரை தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

சேந்தன் கரையேறியபோது நாச்சியாள் மணலில் நின்றுகொண்டிருந்தாள். தம்பி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"ஏலே, ஆளு எங்க?"

சேந்தன் கயிற்றின் பிய்ந்த முனையை நீட்டினான். ஊர்ப் பெண்கள் நாச்சியாளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. தாலியைக் கழற்ற வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டாள். அந்தக் குடியில் சாகிறவனின் கடைசி மூச்சைப் பெண்டாட்டி பக்கத்திலிருந்து காதால் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் தாலி இறங்கும்.

"மூச்சு போனத நான் கேக்கல" என்றாள் நாச்சியாள். "கேக்காம எப்படிக் கழட்டுவேன்? நீதான கயிறு பிடிச்ச? நீயே போயி கொண்டா. உசுரோட கொண்டா, இல்ல மூச்சக் கொண்டா."

மறுநாள் உச்சி வெயிலில் சேந்தன் தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு அந்தப் பாறைக்குப் போனான். காற்று இல்லை. அலை இல்லை. கடல் அப்படி அசையாமல் கிடந்து அவன் பார்த்ததே இல்லை. துடுப்புச் சத்தம்கூட அவனுக்கே கூச்சமாக இருந்தது.

பாறைக்கு நேர் மேலே நாலைந்து கடற்காக்கைகள் வட்டமடித்தன. கீழே பெரிய களவா மீன் ஒன்று மல்லாந்து மிதந்தது. வயிறு பானையாக உப்பியிருந்தது. கண் வெளியே தள்ளியிருந்தது. காக்கை கொத்திய இடத்தில் ரத்தம். வாலை அடித்து அடித்துத் தலையைத் தண்ணீருக்குள் நுழைக்கும், அடுத்த நொடி வயிறு அதை மேலே புரட்டிப் போட்டுவிடும். செத்த மீன் என்றுதான் சேந்தன் நினைத்தான்.

"என்னக் கீழ அனுப்பு" என்றது களவா.

"உனக்கு என்ன வந்துச்சு?"

"உன் மச்சான் மூச்சு என் வயித்துக்குள்ள இருக்கு."

சேந்தன் துடுப்பைக் கீழே வைத்தான்.

களவா மூச்சிரைக்கச் சொன்னது. "இடுக்குக்குள்ள கைய விட்டவன் சங்க விடல. கை மாட்டிக்கிச்சு. ஒரு இழு இழுத்தா வந்துரும், இழுப்பான்னு மேலேயே பாத்துக்கிட்டு இருந்தான். நீ இழுக்கல. இழுத்தப்ப ரொம்ப நேரமாயிருச்சு, கயிறு பாறையில ஒரசி அறுந்து போச்சு. கடைசி மூச்ச என் மொகத்துல விட்டான். 'இத எங்க வீட்டுல சேத்துரு'ன்னான். சரின்னு வாயத் தெறந்து வாங்கிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் சேக்கல?"

களவா செவுளை ஒருமுறை விரித்து மூடியது.

"வாங்கிட்டு வர்ற வழியில வால் அசதியா இருந்துச்சு. ஒரு கண நேரம் நிறுத்தினேன். நான் விழல! நடுத்தண்ணியில அப்படியே நின்னேன். நீ பொறந்ததுலருந்து தூங்குறவன், உனக்கு என்ன தெரியும்? நான் தூங்கினேன். எங்க குலத்துலயே மொதத் தடவ. முழிச்சப்புறம் குடுக்க மனசு வரல. ஆனா இந்த மூச்சு சும்மா இருக்க மாட்டேங்குது. வீட்டுக்குப் போகணும்னு மேல மேல ஏறுது. ஏற ஏற வீங்குது. என்னையும் தூக்கிக்கிட்டு வந்துருச்சு."

சேந்தன் பரிதாபப்பட்டானா, கோபப்பட்டானா, அவனுக்கே தெரியாது. குளிகல்லை மீனின் மேல் கட்டிக் கீழே இறக்கிப் பார்த்தான். கல்லை அவிழ்த்ததும் மீன் திரும்ப மேலே வந்து பொத்தென்று புரண்டது. வேறு வழி தெரியாமல், வள்ளத்திலிருந்த சால் என்கிற பெரிய குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, அதில் கடல்தண்ணீரை நிரப்பி, மீனைத் தூக்கிப் போட்டான். வீட்டுக்குக் கொண்டு போனான்.

நாச்சியாள் சாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனின் விலாவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ பேசினார்கள். ரொம்பத் தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"இழு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியாலே! அவரு குரல்! அவரு சாகல!"

சேந்தனும் கேட்டான். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே ஓடிவிட்டான்.

மூன்று நாள் அவள் அந்தச் சாலின் பக்கத்தை விட்டு நகரவில்லை. சோறு தண்ணீர் இல்லை. மீன் பக்கவாட்டில் புரண்டே கிடந்தது. அதன் ஒரு விலா தண்ணீருக்கு மேலே காய்ந்து வெளுத்துத் தோல் உரிந்தது. அவள் ஈரத்துணியைப் போட்டுப் போட்டு நனைத்தாள். காலையும் மாலையும் புதுக் கடல்தண்ணீர் மாற்றினாள். புருஷனோடு பேசுகிற மாதிரியே வீட்டுச் சங்கதி எல்லாம் பேசினாள். ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும் என்று சொன்னாள். எல்லாவற்றுக்கும் உள்ளேயிருந்து ஒரே பதில்தான். "இழு." நடுநடுவே மீன் தன் சொந்தக் குரலில், "தாயி, என்னக் கீழ விடு, செத்துருவேன்" என்று முனகும். ஒரே மீனுக்குள்ளிருந்து இரண்டு குரல். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

நான்காம் நாள் நாச்சியாள் தம்பியைக் கூப்பிட்டாள். அவள் கண் குழிக்குள் போயிருந்தது.

"நானும் மூணு நாளா கேக்குறேன். என் பேரச் சொல்ல மாட்டேங்குறாரு. எதச் சொன்னாலும் இழு, இழுங்குறாரு. யாரைலே இழுக்கச் சொல்றாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். மீனுக்குப் பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சாலுக்குள்ளிருந்து, "இழு, மாப்ள" என்று குரல் வந்தது. சேந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னையத்தான் அக்கா" என்றான். "அன்னைக்கு நான் நடுவுல மூச்சு வாங்கிட்டேன். வலம்புரிக்கு ஆசப்பட்டுட்டேன். முட்டினப்பவே இழுத்திருந்தா மச்சான் வந்திருப்பாரு. இன்னமும் நான் இழுப்பேன்னு காத்துக்கிட்டு இருக்காரு அக்கா."

நாச்சியாள் அவனை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. அப்போதுதான் அழுதாள். நான்கு நாள் அழாத அழுகையெல்லாம் சேர்த்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். தன் புருஷன் செத்துவிட்டான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தான் மூன்று நாளாக வைத்திருந்தது புருஷனை அல்ல, அவன் காத்திருப்பதை என்பதும் தெரிந்தது. அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டுவது பெரும்பாவம் என்று தோன்றியது.

வேலியிலிருந்து நீளமான உடைமர முள் ஒன்றை ஒடித்து வந்தாள். "எங்க குத்தணும்?" என்று மீனைக் கேட்டாள்.

"பக்கச் செவுளுக்குப் பின்னால, செதிலத் தூக்கிட்டு, சாய்ச்சுக் குத்து. நேராக் குத்தினா கொடல்ல எறங்கிரும்" என்றது களவா. பிறகு கெஞ்சியது. "தாயி, எல்லாத்தையும் விட்டுறாத. கொஞ்சம் வை. நானும் கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

நாச்சியாள் பதில் சொல்லாமல் செதிலை நிமிர்த்தி முள்ளை இறக்கினாள். முள்ளை எடுத்த துளை வழியாகக் குமிழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. வீடு முழுக்கத் திரையன் போடுகிற வெற்றிலை வாசம் அடித்தது. அவள் சாலின் மேல் குனிந்து காதைக் கொடுத்தாள். இப்போது அந்தச் சொல் வரவில்லை. சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மாதிரி ஒரு நீண்ட மூச்சு வந்தது. வாசல் கதவு தானாக ஒருமுறை அசைந்தது.

பாதி மூச்சு போனதும் மீன் மெதுவாக நிமிர்ந்தது. நாச்சியாள் அதன் கண்ணைப் பார்த்தாள். தூக்கமே இல்லாத அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, துளையின் மேல் விரலை வைத்து அழுத்தி அடைத்துவிட்டாள். களவா சாலின் நடுவில் நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தாலியைத் தன் கையாலேயே கழற்றினாள். அதற்குப் பிறகு அவள் தம்பிக்குக் கடைசிவரை சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சேந்தன் வேறு யாருக்கும் கயிறு பிடிக்கவும் இல்லை.

களவாவைக் கடலில் விட்டார்கள். அது ஆழத்துக்குப் போய்த் தன்னிடம் மிச்சமிருந்த மூச்சை மற்ற மீன்களுக்கெல்லாம் கடுகளவு கடுகளவாகப் பகிர்ந்து கொடுத்தது. வாங்கிய மீன்கள் நின்ற இடத்திலேயே தூங்கின. சுறா மட்டும், "செத்தவன் மூச்சு எனக்கெதுக்கு? போ அந்தாண்ட!" என்று முறைத்துக்கொண்டு போய்விட்டது. திருக்கை பயந்துபோய் மணலுக்குள் புதைந்துகொண்டது. இன்றைக்கும் அதுகள் வயிற்றில் காற்றுப்பை கிடையாது. சுறா வாலை நிறுத்தினால் அடியில்தான் போகும்.

மற்ற மீன்கள் வாங்கியது இரவல்தான். வீட்டுக்குப் போக வேண்டிய மூச்சில் பாதி இன்னும் போகவில்லை.

அன்று முதல்தான் மீன் வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது. அன்று முதல்தான், ஆழத்து மீன் ஒன்றைத் தூண்டிலில் மாட்டி மேலே தூக்கினால், உள்ளே இருக்கிற திரையனின் மூச்சு தன்னைக் கடைசியில் வீட்டுக்குத்தான் கொண்டு போகிறார்கள் என்று நம்ப, அந்தப் பை வீங்கி வாய்வரைக்கும் வந்து நிற்கிறது.