ஒன்பது மணி வரைக்கும்

"நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல மேடம். வேற எதுக்குத்தான் லாயக்குன்னு நீங்களே சொல்லிடுங்க," என்றாள் பரிமளம்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மேடத்துக்கு இருபத்தெட்டு.

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அதே சூட்டோடு தானும் சமூகப்பணி படிக்கக் கிளம்பியவள் பரிமளம். களப்பயிற்சிக்கு ரயில் நிலையத்தில் உள்ள குழந்தைகள் உதவி மையத்தில் போட்டிருந்தார்கள். மையத்தின் பொறுப்பாளர் ரெஜினாதான் குரு. சிஷ்யை குருவை மேடம் என்பாள், குரு சிஷ்யையை அக்கா என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

பரிமளத்தின் கையில் சிறப்புப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் ஒன்று கசங்கிக்கொண்டிருந்தது. அதில் மூன்று கட்டங்கள்: குழந்தைகள், மருத்துவமனை, தொழிற்சாலை. ஒன்றை டிக் செய்து, மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு மிச்சமிருப்பதுதான் கிடைக்கும். மிச்சமிருப்பது எப்போதும் தொழிற்சாலைதான். அதற்காக அவள் இந்த வயதில் புத்தகத்தைத் தூக்கவில்லை.

"அத அப்புறம் பேசுவோம். இப்ப அந்தக் கதவப் பாருங்க," என்றாள் ரெஜினா.

அது குளியலறைக் கதவு. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ரோகிணி. வயது பதினாலு. கையில் பினாயில் பாட்டில்.

காலையில் ரயிலை விட்டுத் தனியாக இறங்கிய பெண் மத்தியானம் வரை வாயைத் திறக்கவில்லை. பரிமளம்தான் எலுமிச்சை சாதம் வாங்கிக் கொடுத்தாள். தலையைத் தடவினாள். "எங்கிட்ட சொல்லு கண்ணு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா," என்றாள்.

ரோகிணி நம்பிச் சொன்னாள். வருகிற புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை அவளுடைய தாய்மாமன், முப்பத்தொரு வயது.

கேட்டதும் பரிமளம் கொதித்துப்போனாள். அதே சூட்டில் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போன் போட்டு, ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். அதுவும் அந்தப் பெண்ணின் காதுபட.

"சொல்லாம இருக்க முடியுமா மேடம்? சட்டம் அப்படித்தானே?"

"சொல்லித்தான் ஆகணும்."

"அப்போ நான் பண்ணது சரிதானே?"

"போன் பண்ணது சரி."

பரிமளத்தின் முகம் செத்துப்போயிற்று.

காவலாளி கடப்பாரையோடு வந்தார். "உடைச்சிடலாமாம்மா?"

"நீங்க ஓங்குறதுக்குள்ள அவ குடிச்சிடுவா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. வாசல்ல நில்லுங்கண்ணே," என்றாள் ரெஜினா. பிறகு பரிமளத்தின் பக்கம் திரும்பினாள். "போய்ப் பேசுங்கக்கா."

"நானா? நீங்க பேசுங்க மேடம், புண்ணியமாப் போகும்."

"அவளுக்கு எம்மேல கோவமில்லையே."

பரிமளம் கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ரோகிணி... உன் நல்லதுக்குத்தான் கண்ணு..."

உள்ளே பாட்டில் மூடி திருகும் சத்தம்.

பரிமளத்துக்கு உயிரே போய்விட்டது. "பொய் சொன்னேன்! நான் சொன்னது பொய். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கவே கூடாது. தப்பு எம்மேல."

சத்தம் நின்றது.

"இப்ப என்னய மறுபடி அங்கயே அனுப்பிடுவாங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"அனுப்ப மாட்டாங்கடா. நான் விடவே..."

"அது உங்க கையிலயா இருக்கு?" ரெஜினா பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

பரிமளம் மீதி வார்த்தையை விழுங்கினாள். "அனுப்புவாங்களான்னு எனக்குத் தெரியல ரோகிணி. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குக் குழு கூடுது. அவங்கதான் முடிவு பண்ணணும்."

"கல்யாணம்?"

நிறுத்திடுவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ரெஜினாவைப் பார்த்தாள்.

பரிமளம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றில் படிவம், ஒன்றில் பேனா.

"அதுவும் எனக்குத் தெரியாது. காலைல ஒம்பது மணி வரைக்கும் நான் உன்கூட இருப்பேன். என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்."

வெளியே ஏதோ ரயில் தாமதமாக வருவதாக அறிவித்தார்கள்.

"எழுதிக் குடுங்க," என்றாள் ரோகிணி.

வெள்ளைத்தாள் மேசைமேல் இருந்தது. பத்தடிகூட இருக்காது. பரிமளம் எழுந்தாள்.

"போறீங்கல்ல?"

பரிமளம் தொப்பென்று மறுபடி உட்கார்ந்தாள். படிவத்தைத் திருப்பி, முழங்காலில் வைத்து, பின்பக்கத்தில் எழுதினாள். 'நாளைக் காலை ஒன்பது மணி வரை உன்னுடன் இருப்பேன். பரிமளம்.' கதவுக்கு அடியில் தள்ளினாள். ரெஜினா தடுக்கவில்லை.

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இதுல உங்க போட்டோ ஒட்டியிருக்கு. சீல் குத்தியிருக்கு."

"ஆமா."

"இது உங்களுக்கு வேணாமா?"

'வேணாம் கண்ணு, நீயே வெச்சுக்க.' வார்த்தை நுனிநாக்கில் நின்றது. எவ்வளவு நல்ல வார்த்தை! மணி நாலேகால். ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்," என்றாள் பரிமளம். "அஞ்சு மணிக்குள்ள காலேஜ்ல குடுக்கணும்."

உள்ளே காகிதம் மறுபடி புரண்டது.

"அப்புறம் எப்படிக் குடுப்பீங்க?"

"காலைல ஒம்பது மணிக்கு உங்கிட்டயே வாங்கிக்கிறேன்."

தாழ்ப்பாள் விலகியது.