இலவம்பஞ்சுத் தலையணை

சங்கரலிங்கத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஆசிரமத்துக்கு வந்த அன்றே மனைவியின் கதை முழுவதையும் சொல்லி, அதைச் சாமியிடம் கேட்டுவிட்டார்.

"சாமி, என் வீட்டுக்காரிய நான் நல்லபடியாப் பாத்துக்கிட்டேனா?"

சாமி அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். காவி கட்டுவதற்கு முன்னால் லாரி ஓட்டியவர். தாமிரபரணிக் கரையில் நாலு அறையும் ஒரு சமையல்கட்டும் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தொட்டி ரொம்பிட்டான்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

சங்கரலிங்கம் போய்ப் பார்த்தார். தொட்டி பாதிதான் நிறைந்திருந்தது. நிறைகிற வரை அங்கேயே நின்றார்.

அதன் பிறகும் அவர் விடவில்லை. ஆடி மாதம் வந்தால் கட்டாயம் கேட்பார். சாமியும் பிடி கொடுக்கவில்லை. ஒரு தடவை பசுவுக்குத் தவிடு வைக்கச் சொன்னார், ஒரு தடவை ஓட்டில் விழுந்த சருகை அள்ளச் சொன்னார். சங்கரலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆனாலும் போய் அள்ளுவார்.

ஊரில் கேட்டிருந்தால் இத்தனை பாடு இல்லை. சங்கரன்கோவிலில் அவர் மெத்தைக் கடை வைத்திருந்தார். மனைவி ஆவுடையம்மாளை அவர் தாங்கு தாங்கென்று தாங்கியதைத் தெருவே வாய்க்கு வாய் சொல்லும். "புருசன்னா இப்படி இருக்கணும்" என்று பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைக் குத்திக்காட்டியதும் உண்டு.

ஆவுடைக்கு முழங்கால் தேய்ந்துபோய், மூட்டு மாற்றிவைத்தார்கள். அவளுக்கு ஒரே ஆசைதான். ஆடித்தபசுத் திருவிழாவில் கோயில் பிராகாரத்தை வலம்வந்து ஆடிச்சுற்று சுற்ற வேண்டும், சொந்தக் காலில் சுற்ற வேண்டும். அதற்காகவே பயந்து பயந்து ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்: வலிக்கும், வலித்தாலும் நடக்க விடுங்கள், காலை நீட்டியே வையுங்கள், முட்டிக்கு அடியில் தலையணை மட்டும் வைக்காதீர்கள்.

ஆவுடை அழுதாள். "என்னங்க, முட்டிக்கு அடியில எதையாவது அண்டக் குடுங்களேன், உசுரு போவுது" என்றாள். சங்கரலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. கடையில் இருந்ததிலேயே நல்ல இலவம்பஞ்சாகப் பார்த்து எடுத்து, தன் கையாலேயே ஒரு சின்னத் தலையணை தைத்தார். முட்டிக்கு அடியில் வைத்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதுவும் அவருக்கு ஏறவில்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையனுக்குக் காப்பியைக் கொடுத்து, "இன்னைக்கு வேண்டாம் தம்பி, பாவம்" என்று வாசலோடு அனுப்பினார். மறுநாளும் அனுப்பினார். பிறகு அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

கால் மடங்கினபடியே இறுகிப்போனது. எவ்வளவு முயன்றும் நீட்ட வரவில்லை. கட்டிலும் நாற்காலியும்தான் என்று ஆனது. அடுத்த ஆடிக்கு அவளைக் காரில் வைத்துக் கோயில் வாசல் வரைக்கும் கூட்டிப்போனார். கூட்டம் உள்ளே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க புண்ணியத்துல இதையாவது பாத்தேன்" என்றாள்.

அதற்கு அடுத்த ஆடிக்கு அவள் இல்லை.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்தபோது, அந்தத் தலையணையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதில் தலைவைத்துப் படுத்ததில்லை. தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

இந்த நிலையில்தான் சாமி கீழே விழுந்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியவர் ஏணி வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்கப் பெனினா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்துபோனாள். வந்த முதல் நாளே சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள்.

"ஐயா, நீங்கதான் கூட இருக்கீங்க. இந்த ஒரு மாசந்தான் நம்ம கையில இருக்கு. இப்போ விட்டுட்டா பிறகு ஒண்ணும் பண்ண முடியாது. வாக்கரைப் பிடிச்சு நடக்கணும். படுத்திருக்கும்போது கால் நீட்டித்தான் இருக்கணும். முட்டிக்கு அடியில..."

"தெரியும்மா" என்றார் சங்கரலிங்கம்.

சாமியின் காலை அவள் மடக்கி நீட்டியபோது, சாமி ஆசிரமமே கேட்கும்படி "ஐயோ எம்மா!" என்று கத்தினார். சமையல்காரர் அம்பலவாணன் கரண்டியோடு ஓடிவந்தார். வலி என்று வந்தால் காவியாவது கந்தலாவது. சங்கரலிங்கம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பெனினா வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி கூடியது.

"அண்ணாச்சி, முட்டிக்கு அடியில எதையாவது வையுங்க."

"அந்தப் பொண்ணு வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, சாமி."

"வலி அதுக்கா எனக்கா? உங்க பையில ஒரு தலகாணி கெடக்குல்லா. எடுங்க அதை."

சங்கரலிங்கம் எடுத்துவிட்டார். கட்டில் அருகே கொண்டும் வந்துவிட்டார். சாமியின் முகம் அதற்குள் மலரத் தொடங்கியது. சங்கரலிங்கத்துக்கு அந்த மலர்ச்சி ஏற்கெனவே தெரிந்ததுதான். கை அப்படியே நின்றுவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. தலையணையை அதன்மேல் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.

தலையணைமேல் உட்காரக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் கடைக்கு வருகிற குழந்தைகளை விரட்டியவர் அவர்.

"என்ன பண்ணுதீங்க?"

"உக்காந்திருக்கேன் சாமி."

"எந்திரிங்க."

"மாட்டேன்."

சாமி முதலில் அழுது கெஞ்சினார். பிறகு மிரட்டினார். அப்புறம் மரியாதையான 'அண்ணாச்சி' போய் 'வே' வந்தது.

"நீரெல்லாம் ஒரு மனுசனா வே? கல்லு வே நீரு! இப்படித்தான் உம்ம பொண்டாட்டியையும் போட்டு வதைச்சீரா? அதான் போய்ச் சேந்துட்டா!"

சங்கரலிங்கம் அழுதார். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனால் எழுந்திருக்கவில்லை. சாமி கத்தி ஓய்ந்து, மருந்து வேலை செய்து தூங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். சாமி தூங்கிய பிறகு எழுந்து, அவர் கால் நீட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நீட்டித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சாமி அவரோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரை விட்டுவிட்டு, சமையல்கட்டில் இருக்கிற அம்பலவாணனைக் கூப்பிடுவார். சங்கரலிங்கம் வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். சாமி வேண்டாவெறுப்பாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். முனகுவார், முறைப்பார். பெனினா வந்து பார்க்கும்போதெல்லாம், "யாருய்யா இவங்களை இப்படி வேலை வாங்குறது?" என்று சிரிப்பாள்.

சாமி அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்தார், வராந்தாவிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஆடி பிறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த ஒரு காலையில், சாமி தடியை ஊன்றிக்கொண்டு தானாகவே படித்துறைக்கு இறங்கினார். சங்கரலிங்கம் துண்டோடு பின்னால் போனார். கடைசிப் படியில் உட்கார்ந்து, சாமி இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டு நீட்டினார். இரண்டும் ஒன்றுபோல நீண்டன.

சங்கரலிங்கம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மடங்கியே போன ஆவுடையின் கால் கண்ணுக்குள் நின்றது.

"அண்ணாச்சி" என்றார் சாமி. அந்தச் சொல்லைக் கேட்டு நாளாகியிருந்தது. "அன்னைக்கு வாயில வந்ததையெல்லாம் பேசிட்டேன்."

"அதுக்கென்ன சாமி. நீங்க எனக்குப் பாடம் சொல்லித் தரத்தானே தலகாணியக் கேட்டீங்க. பெறவுதான் புரிஞ்சுது."

"பாடமும் இல்ல ஒண்ணும் இல்ல. நெசமாவே வலிச்சுது. குடுத்திருந்தீங்கன்னா வாங்கி வச்சிருப்பேன்."

சங்கரலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, அந்தக் கேள்விக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல."

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் தொட்டியக் காட்டுனீங்க, சருகக் காட்டுனீங்க."

"சொன்னா நீங்க அழுவீங்க. அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"இப்போ?"

"நான் அழுததை நீங்க உக்காந்து பாத்தீங்கல்லா. இனிமே எனக்கும் முடியும்." சாமி தடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கேன். தலகாணி குடுக்கலன்னு நான் உங்களை எத்தனை நாள் கருவிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

"அது போகட்டும் சாமி."

"ஆவுடையம்மா உங்களை என்னைக்காவது ஏசியிருக்காங்களா?"

சங்கரலிங்கம் நிமிர்ந்தார். அந்த நிமிஷத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"ஒருநாளும் இல்ல சாமி. ஒரு சுடுசொல் கெடையாது. சாகிற அன்னைக்குக்கூட என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா."

சாமி தண்ணீருக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார்.

"ஏச விட்டிருக்கணும், அண்ணாச்சி."