சுனையூர்க் கதவுக்குப் பூவாண்டி காவல்

முன்னொரு காலத்தில், கதவு என்றாலே அலுத்துப்போன ஒரு ராஜா இருந்தார். பெயர் கோதண்டவர்மர். பக்கத்து ராஜாக்கள் சிலரோடு பேசி, நாடுகளுக்கு நடுவே இருந்த எல்லைக் கதவுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார். கேள்வி கேட்பாரின்றி யாரும் எங்கும் போகலாம். சுனையூர் நாட்டுப் பக்கம் மட்டும் ஒரு கதவு மிச்சமிருந்தது.

சுனையூர் அரசி வெண்ணிலை நாச்சியார் நேரிலேயே வந்து கேட்டார்.

"எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அரசே. சந்தைக்கு வரும் எங்கள் பெண்களின் தயிர் உங்கள் கதவடியிலேயே புளித்துப்போகிறது."

தலைமை மந்திரி மழவராயர் தொண்டையைக் கனைத்தார். "முதலில் உங்கள் நாட்டின் மறுபக்கத்தில் பலமான கதவு போடுங்கள்."

"போட்டாயிற்றே."

"கதவு போடுகிறவர்களைக் கதவில்லாத கூட்டத்தில் எப்படிச் சேர்ப்பது?"

ராஜாவுக்குத் தலை சுற்றியது. போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றமா? கேட்டால் தமக்குத்தான் கௌரவக் குறைச்சல் என்று தாடியைத் தடவிக்கொண்டார். விகடகவி பூவாண்டி மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டான்.

மந்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் நெடுநாளாகவே பொறாமை வேறு. "அரசே, அந்தக் கதவுக்கு இவனையே காவல் வையுங்கள். 'வருகிறேன்' என்கிற சுனையூர்க்காரர் ஒருவரைக்கூடத் தாண்ட விடக்கூடாது. விட்டால் இவனை நாடுகடத்துங்கள்."

இருந்த குழப்பத்தில் ராஜா அதற்கும் தலையை ஆட்டிவைத்தார்.

மறுநாள் நாச்சியார் மனம் நொந்து ஊருக்குக் கிளம்பினார். கிளம்பிய வேகத்தில் பரிவாரத்தோடு அரண்மனைக்கே திரும்பியும் வந்தார். பூவாண்டி கதவில் மறித்துவிட்டானாம். போகிறவரை எதற்கு மறிக்கிறான்? ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாச்சியாரோடு மந்திரியையும் அழைத்துக்கொண்டு தாமே கதவடிக்குப் போனார்.

"ஏனப்பா, ஊருக்குப் போகிறவரையா தடுப்பாய்?"

"போகிறேன் என்று அவர் சொல்லவில்லையே, அரசே. 'போய் வருகிறேன்' என்றல்லவா சொன்னார்?"

"'போகிறேன்' என்றே சொல்லிவிடட்டுமே," என்றார் மந்திரி.

நாச்சியாரின் முகம் சிவந்தது. "விருந்துண்ட ஊரில் நின்றுகொண்டு அப்படி அமங்கலமாகச் சொல்ல மாட்டேன்."

ராஜா கூசிப்போனார். "மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், நாச்சியாரே."

நாச்சியார் கைகூப்பினார். "இருக்கட்டும், அரசே. போய் வருகிறேன்."

"வாருங்கள்," என்றார் ராஜா, எல்லோரும் சொல்வதைப் போல.

உடனே பூவாண்டி கதவைக் கீலோடு கழற்றத் தொடங்கினான்.

"என்னடா செய்கிறாய்?" என்று மந்திரி பாய்ந்தார்.

"அரசரே தம் வாயால் இவர்களை 'வாருங்கள்' என்று அழைத்துவிட்டார். இனி இந்தக் கதவு எதற்கு?"

"அது சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னது."

"அப்படியானால், நம் அரசர் மனத்தில் இல்லாததைச் சொல்கிறவர் என்கிறீர்களா, மந்திரியாரே?"

காலையிலிருந்து குழம்பிக்கிடந்த ராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவாண்டியின் கழுத்தில் போட்டார். சுனையூரும் அன்றே சேர்ந்தது.

கதவு நல்ல கனம். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மந்திரியை அனுப்பினார் ராஜா. அவர் முக்கி முனகித் தூக்குகையில், தயிர்க்காரப் பெண்கள் யாரையும் கேட்காமல் அவரைத் தாண்டிச் சந்தைக்கு நடந்தார்கள்.