குகையில் இன்னொரு மூச்சு

ஊசிப்பாறை மலைக் குகையில் விடிகாலையில் தியானத்துக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு உலகம்மை ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

"மூச்சு வருது, போகுது. அதைப் பாருங்க."

சிவசைலம் மூன்று வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அரிசி ஆலை நடத்தியவர். ஆலையை மகன்களிடம் விட்டுவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் மலையேறி வந்தவர். உலகம்மை அவரைவிட வெகு இளையவர். இருந்தாலும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் குகைக்குள் இன்னொரு மூச்சு கேட்டது.

கூட உட்காருகிறவர்களின் மூச்செல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்தில், மலையில் தங்குகிறவர்களுக்குச் சமையல் பார்க்கும் செண்பகவடிவு. அவளுடையது நூல் இழுத்தாற்போல மெல்லியது. வாசல் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு மூக்கில் லேசாக ஒரு விசில் உண்டு. இது அதில் எதுவும் இல்லை. ஈரச் சாக்கைக் கல்லின்மேல் இழுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு மூச்சு. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவருக்குப் பின்னால் பாறைதான் இருந்தது. ஆள் உட்கார இடம் கிடையாது.

கூடவே ஒரு வாசனை. பழுத்து வெடித்து, அழுகத் தொடங்கிய பலாவின் வாசனை. மார்கழியில் அந்த மலையில் பலாப்பழம் ஏது?

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிடரியில் மயிர் குத்திட்டு நின்றது.

மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும்.

அந்தப் பாறைக்குள்தான் மௌனச்சாமி என்று ஒருவர் போய் அடங்கினார் என்று மலையடிவாரத்தில் சொல்வார்கள். சிவசைலம் அதைக் கேட்டிருந்தார். பயம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. இத்தனை பேர் இருக்க, அவர் என் முதுகுக்குப் பின்னால்தானே வந்து உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் தனியாக இருந்து கேட்டார்.

உடம்பு இளைத்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தவம் பிடித்துவிட்டது என்று நினைத்தார். சாயங்காலமானால் மேல் கொதித்தது. உள்ளே கனல் எழும்புகிறது என்று நினைத்தார். தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. சுனைத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார். இருமல் வந்தால் பனியின்மேல் பழி போட்டார்.

ஒரு விடிகாலையில் செண்பகவடிவு பாதியில் எழுந்துவிட்டாள்.

"யாரோ மூச்சு விடுறாங்கம்மா" என்றாள். சிவசைலத்தைக் கை காட்டினாள். "இவருக்குப் பின்னால."

"எனக்கும் கேட்டுது" என்றார் தபால்காரர். அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

செண்பகவடிவு போகவில்லை. கீழே அக்கா வீட்டில் தன் சின்ன மகளை விட்டுவிட்டு வந்தவள் அவள். கண்ணை மூடி உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் தனக்குத் தூக்கம் மாதிரி என்று சொல்வாள். மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவளும் நடுநடுவே இருமினாள்.

அன்று எல்லோரும் கலைந்த பிறகு சிவசைலம் உலகம்மையிடம் கேட்டார்.

"அம்மா, குகைக்குள்ள இருக்கிறது யாரு?"

"நீங்க யாருன்னு நினைக்கீங்க?"

"மௌனச்சாமி."

உலகம்மை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அகல் விளக்கை எடுத்துக்கொண்டு குகைக்குள் நடந்தார். சிவசைலம் பின்னால் போனார்.

"உங்க இடத்துல உட்காருங்க."

உட்கார்ந்தார். உலகம்மை ஒதுங்கி நின்றார். சற்று நேரத்தில் அது வந்துவிட்டது. ஈரச் சாக்கு பாறையில் இழுபட்டது.

"கேக்குதாம்மா?"

"கேக்குது. இப்ப மூச்சை நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார்.

அதுவும் நின்றது.

குகை முழுக்கக் கிணற்றின் அடியாழம் மாதிரி அமைதி. விளக்குத் திரி பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவரால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நெஞ்சு திறந்துகொண்டது. இழுத்தார். பின்னாலிருந்த பாறை, பானை வயிறு மாதிரி உள்வளைந்த பாறை, அந்த இழுப்பை வாங்கி அவர் பிடரியில் திருப்பிக் கொட்டியது. அப்புறம் இருமல் வந்தது. குகையும் அவரோடு சேர்ந்து இருமியது. நிற்கவே இல்லை.

துப்பினார். உலகம்மை விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். கல்லில் சிவப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் உலகம்மை செய்த முதல் காரியம், குகை வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தது. இரண்டாவது, அடிவாரத்துக்கு ஆள் அனுப்பி டோலி தூக்குகிறவர்களை வரச் சொன்னது.

"நான் போகலம்மா" என்றார் சிவசைலம். "மூச்சுல வந்தது மூச்சாலேயே போகட்டும்."

"உடம்புல வேற என்ன வச்சிருக்கீங்க?"

உலகம்மை காத்திருந்தார்.

"சர்க்கரை" என்றார் கடைசியில். "ரொம்ப வருஷமா. இங்க வந்த அன்னைக்கே மாத்திரையை எல்லாம் ஓடையில போட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அது ரத்தத்துல கிடக்கிற நோய்தானம்மா. மூச்சுக்கும் அதுக்கும் என்ன?"

உலகம்மை அடுப்படிக்குப் போனார். ஒரு பழைய மல்துணியை இரண்டாகக் கிழித்தார். ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்தார். மற்றதை வெல்லப்பாகில் முக்கிப் பிழிந்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பாறைமேல் வெயிலில் விரித்தார். பிறகு வந்து அவரோடு உட்கார்ந்துகொண்டார்.

டோலிக்காரர்களின் குரல் கீழ்வளைவில் கேட்டபோது இரண்டும் காய்ந்திருந்தன.

"இதை வாயில கட்டிக்கிட்டு மூச்சு விடுங்க" என்று முதல் துண்டைக் கொடுத்தார். துணி உள்ளே போய் வெளியே வந்தது. காற்று தாராளமாகப் போனது.

"இப்ப இது."

இரண்டாவது துண்டு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மூக்கின்மேல் வைத்து இழுத்தார். துணி அசையவில்லை. மேலும் இழுத்தார். இனிப்பு வாசனைதான் வந்தது, காற்று வரவில்லை. மூச்சு முட்டி அதை எடுத்துவிட்டார். அப்போதுதான் உதட்டில் ஏதோ ஊர்வது தெரிந்தது. துணியின் மடிப்பெல்லாம் எறும்பு.

பக்கத்துத் துண்டில் ஒன்றுகூட இல்லை.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டோலி வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தார்.

கீழே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சளி எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரலின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒன்று கறையான் புற்று மாதிரி ஏறியிருந்தது.

"காசநோய்" என்றார் டாக்டர். "சர்க்கரை இப்படி ஏறிக் கிடந்தா இது லேசா உள்ள வந்திரும். வந்தா லேசுல போகாது. உங்க வாயில அடிக்கிற பழ வாடையும் சர்க்கரை முத்தினதுதான். ரெண்டுக்கும் சேர்த்தே மருந்து எடுக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

"சரி."

"உங்ககூடக் காத்தில்லாத இடத்துல யாரெல்லாம் உட்கார்ந்தாங்க?"

சிவசைலம் உலகம்மையைப் பார்த்தார். கூட வந்திருந்த உலகம்மைதான் ஒவ்வொருவராகச் சொன்னார். தன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

எல்லோரையும் வரவழைத்துப் பரிசோதித்தார்கள். தபால்காரரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. உலகம்மைக்கும் ஒன்றுமில்லை. செண்பகவடிவுக்கு இருந்தது.

சில வாரம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் உலகம்மை முகக்கவசம் போட்டுக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார். சிவசைலத்துக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"செண்பகவடிவு எங்கம்மா இருக்கா?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்."

"மக வந்து பார்த்துச்சா?"

"சன்னலுக்கு வெளிய நின்னு பார்த்துச்சு. பக்கத்துல விடல."

சிவசைலம் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அவருடைய மூச்சு இப்போது மெலிந்து, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதை இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் யாருக்கும் கெடுதல் நினைக்கலம்மா" என்றார். "என் உடம்புதானே, அதை விட்டுட்டேன்னுதான் நினைச்சேன்."

"சரி, உடம்பை விட்டீங்க" என்றார் உலகம்மை. "மூச்சை எங்க விட்டீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார்.